வஜீர்பூரில் வார்த்த சொம்பு

டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்து, இப்போது முட்டி வலிக்கு மாத்திரையும் மூக்கின் மேல் இரட்டைக் கண்ணாடியுமாகத் திரிகிறவர்களே, உங்களில் யாருக்காவது என் தங்கையை ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் ஃபிராக், இரட்டைப் பின்னல். யார் வீட்டு வாசலில் நின்றாலும் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, கூலியாக பிஸ்கட் வாங்கிக்கொண்டுதான் நகருவாள். அப்போது அவளுக்கு ஆறு வயசு, எனக்குப் பதினொன்று. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு கோடையில் அவளைக் கிட்டத்தட்டச் சாகக் கொடுத்தோம். வேறு யாரும் இல்லை, நாங்களேதான். நீங்கள் எல்லாம் ஏதோ விஷக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். காய்ச்சல் இல்லை. அதை இப்போதாவது சொல்லித் தொலைக்கிறேன்.

எங்கள் அப்பா சர்க்காரில் உலோக இன்ஸ்பெக்டர். டெல்லி ஆபீஸ்கள் வாங்குகிற இரும்பும் பித்தளையும் சொன்ன தரத்தில் இருக்கிறதா என்று தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்து, ஒரு துண்டு வெட்டி வந்து, ஆபீஸில் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு உலகத்தில் இரண்டே வகைதான். இரும்பு வகை, இரும்பல்லாத வகை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். ஒட்டினால் முதல் வகை, ஒட்டாவிட்டால் இரண்டாவது. அந்தக் காந்தத்தை நாம் கடன் வாங்கி காலனி பூராவும் ஒட்டிப் பார்த்தோமே, மறந்துவிட்டதா? பார்க் ஊஞ்சலில் ஒட்டியது. குழாயில் ஒட்டவில்லை. உங்களில் ஒருத்தன், பெயர் வேண்டாம், உன் அப்பாவின் கைக்கடிகாரத்தில் ஒட்டிப் பார்த்து அதை நிறுத்தியே விட்டாய். முதுகில் வாங்கினாய்.

அப்பாவோடு தெருவில் போனால் பாடம் நடக்கும் என்று நினைக்காதீர்கள். அவருக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமை கிடையாது. தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு வருவார். சாக்கடை மூடியைப் பார்த்தால், "வார்ப்பிரும்பு. லாரி ஏறினாலும் தாங்கும், கீழ போட்டா உடையும்." கட்டடக் கம்பியைப் பார்த்தால், "மைல்டு ஸ்டீல். வளையும், உடையாது." மின்சாரக் கம்பிக்குத் தாமிரம், கட்டுப்படியாகாத இடத்தில் அலுமினியம். வாளிக்குத் துருப் பிடிக்காமல் இருக்கத் துத்தநாகப் பூச்சு. சாப்பாட்டு டின்னுக்கு உள்பக்கம் வெள்ளீயப் பூச்சு. பாட்டரிக்கும் மண்ணுக்குள் புதைக்கிற கேபிளுக்கும் காரீயம். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், இடம் மாறினால் ஆபத்து என்பார். எத்தனையோ கண்டிராக்டர்களின் சரக்கைத் திருப்பி அனுப்பியவர். அந்தக் கர்வம் அவருக்கு உண்டு, எங்களுக்கும் உண்டு.

அந்த வருஷம் ஹோலி முடிந்த வாரம் அம்மாவின் ரசச் சொம்பு உருகிப் போயிற்று. எங்கள் வீட்டில் ரசம் வெள்ளீயச் சொம்பில்தான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணச் சீராக அம்மாவோடு வந்தது. அடுப்பில் வைக்கும்போது உள்ளே புளித்தண்ணீர் இருக்க வேண்டும், வெறுமனே வைத்தால் உருகிவிடும். அது அம்மாவுக்குத் தெரியாததா? சொம்பை வைத்துவிட்டுப் புளிக் கரைசலை எடுக்கத் திரும்பியபோது சிலிண்டர்க்காரன் மணி அடித்தான். அவன் நீட்டிய புஸ்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் சொம்பின் அடி கழன்று பர்னருக்குள் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா அன்றைக்கு அழுத மாதிரி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. டெல்லியில் அந்தச் சொம்பு கிடைக்காது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம்ம ஊர் மளிகைக் கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தாள். அப்பளம் உண்டு, காபிப் பொடி உண்டு, முருங்கைக்காய் கூட உண்டு, ஈயச் சொம்பு இல்லை. எவர்சில்வரில் ரசம் வைத்துப் பார்த்துவிட்டு, "இது ரசமே இல்ல, புளித்தண்ணி" என்று அவளே கீழே கொட்டினாள். என் தங்கை ரசப் பைத்தியம். சாதத்தில் பிசைந்து சாப்பிட்டது போதாமல் டம்ளரில் வாங்கி இரண்டு தடவை குடிப்பாள். அவளும் ஒரு மூச்சு அழுதாள்.

"அழாதே, நான் உலோக இன்ஸ்பெக்டர்டி" என்றார் அப்பா. பர்னரிலிருந்து சுரண்டி எடுத்த கட்டியை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார். அது பாதிச் சொம்புக்குத்தான் வரும். மீதிக்கு ஆபீஸிலிருந்து, சோதனை முடிந்து கழித்துப் போட்ட வெள்ளீயத் துண்டுகளைத் தட்டிலிருந்து அள்ளிக்கொண்டார். பக்கத்து பிளாக் மாமியின் சொம்பை அச்சுக்காகக் கேட்டு வாங்கினார். ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு வஜீர்பூருக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு வார்ப்புப் பட்டறை மேஸ்திரி அவருக்குத் தெரிந்தவர்.

அந்தப் பட்டறையை இப்போது நினைத்தாலும் தொண்டை கரகரக்கிறது. கரிப்புகை, ஈர மணல் வாசனை, எங்கோ ஆசிட்டில் எவர்சில்வர் தகட்டை முக்குகிற காட்டம். மாமியின் சொம்பை மணலில் அழுத்தி அச்செடுத்தார்கள். மேஸ்திரி அப்பாவின் துண்டுகளை இரும்புக் கரண்டியில் போட்டு உருக்கினார். மேலே படிந்த ஆடையை ஒதுக்கிவிட்டு, சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"சாப், இஸ்மே சீசா மிலா ஹை" என்றார். ஐயா, இதில் காரீயம் கலந்திருக்கிறது.

அப்பா சிரித்தார். "நஹீ பையா. ஆபீஸ் கா மால் ஹை, டெஸ்ட் கியா ஹுவா." ஆபீஸ் சரக்கு, சோதித்தது.

மேஸ்திரி இன்னொரு தடவை கரண்டியை ஆட்டிப் பார்த்தார். "கானே கே லியே ஹை க்யா?" சாப்பாட்டுக்கா என்று கேட்டார்.

"ஆப் டாலியே நா. ஜல்தி." நீங்கள் ஊற்றுங்கள் என்று அப்பா அவசரப்படுத்தினார்.

"அச்சா, சாப்." சரி ஐயா என்று அவர் ஊற்றினார். ஆயிரம் பேரின் சரக்கைச் சந்தேகப்பட்ட மனிதர், தன் ஆபீஸ் தட்டைச் சந்தேகப்படவில்லை. சட்டைப்பையில் இருந்த காந்தம் இதில் ஒன்றும் சொல்லாது. வெள்ளீயத்திலும் ஒட்டாது, காரீயத்திலும் ஒட்டாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் காதோடு சொன்னார். "அம்மாகிட்ட வஜீர்பூர்னு சொல்லிடாதே. ஆபீஸ் குப்பை, எவனோ பட்டறைல ஊத்தினதுன்னா ஆத்துக்குள்ள விடமாட்டா. கும்பகோணத்துலேர்ந்து ஒருத்தர் வாங்கிண்டு வந்தார்னு சொல்லிக்கறேன். நீ வரவே இல்ல, லைப்ரரிக்குப் போயிருந்தே. சரியா?" இறங்கியதும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் ஒரு ரகசியம் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அம்மா சொம்புக்கு மஞ்சள் குங்குமம் இட்டு அடுப்பில் ஏற்றினாள். "கும்பகோணத்துச் சாமான்னா சாமான்தான்" என்று பக்கத்து பிளாக் மாமியிடமும் காட்டினாள். மாமி தன் சொம்பையே அச்சாகக் கொடுத்ததை அப்பாவின் முகத்தைப் பார்த்து வெளியே விடவில்லை. தங்கை டம்ளரோடு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு ரசம் பிடிக்காது, எப்போதும் தயிர்சாதம்தான். அப்பா மத்தியானம் கேண்டீனில் சாப்பிடுவார். அம்மா பேருக்கு ஒரு கரண்டி ஊற்றிக்கொள்வாள். ஆக, அந்தச் சொம்பு முக்கால்வாசி அவளுக்காகவே கொதித்தது.

ஏப்ரல் கடைசியில் வயிற்று வலி என்றாள். கூலரில் புது வெட்டிவேர்த் தட்டி போட்டிருந்த நாள், வீடெல்லாம் அந்த ஈர வாசனை. பூச்சியாக இருக்கும் என்று மருந்து கொடுத்தார்கள். வலி போகவில்லை, மலமும் போகவில்லை. முகம் வெளுத்தது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். டிஸ்பென்ஸரி டாக்டர் வெயில் என்றார். கண்பட்டுவிட்டது என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். வயிறு சரியில்லாத குழந்தைக்கு நம் வீடுகளில் என்ன கொடுப்பார்கள்? உங்களுக்கே தெரியும். மூன்று வேளையும் மிளகு ரசம், குழைந்த சாதம். மற்றதெல்லாம் வாந்தி எடுத்தாள். ரசம் மட்டும் தங்கியது. "என் கண்ணு, இதையாவது குடிக்கறியே" என்று அம்மா சொம்பைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை ஊற்றினாள்.

ஒருநாள் மத்தியானம் அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நான் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னேன். அவள் திருத்தவில்லை. "ஈரெட்டு எவ்வளவு, சொல்லு" என்றேன். கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "தெரியல அக்கா" என்றாள். நான் அம்மாவிடம் ஓடினேன். "படுத்தாதே அவளை, லீவுதானே" என்றாள் அம்மா.

இரண்டு நாள் கழித்துக் கை கால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஓர் இளம் டாக்டரம்மா அவள் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். பல் ஓரமாக நீலமாக ஒரு கோடு. ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்தபோது அந்த டாக்டரம்மா அப்பாவிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "நீங்கள் காரீயத்தோடு வேலை செய்கிறீர்களா?"

அந்த வருஷம் அப்பா வாரத்தில் நாலு நாள் ஒரு பாட்டரித் தொழிற்சாலைக்கு இன்ஸ்பெக்‌ஷன் போய்க்கொண்டிருந்தார். சட்டையில் பொடியோடு வந்து, அப்படியே அவளை மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். அவர் முகம் விழுந்துவிட்டது. பதில் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதால் அதற்கு மேல் யாரும் ஊன்றித் தேடவில்லை. அவரை முட்டாள் என்று நினைக்காதீர்கள். தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்ள அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அவ்வளவுதான்.

காரீயத்தை வெளியே இழுக்கிற ஊசி போட்டார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அவள் கத்துவது வார்டுக்கு வெளியே படிக்கட்டு வரை கேட்கும். கொஞ்சம் தேறினாள், வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பா அதற்குள் வீட்டில் தன்னைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஆபீஸிலிருந்து வந்தால் பின்பக்கக் குழாயடியில் சட்டை பேண்ட் எல்லாம் கழற்றி சோப்பு நீரில் முக்குவார். செங்கல் பொடி போட்டுக் கையைத் தேய்ப்பார், ரத்தம் கசிகிற வரை. தனித் தட்டு, தனி டம்ளர், பால்கனியில் படுக்கை. தங்கை நடக்கத் தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போவாள்.

"அப்பா, தூக்கு."

"வேண்டாம்டி கண்ணா. அப்பா தொட்டா உனக்கு வயிறு வலிக்கும். தள்ளி நில்லு."

ஒரு தடவை இல்லை. தினமும் சொன்னார். அவள் மனசில் பதிகிற வரை சொன்னார்.

அம்மா அவளுக்குத் தெம்பு வர வேண்டும் என்று தினம் ரசம் வைத்தாள்.

இப்போது என் பங்கு. "காரீயம்" என்று டாக்டரம்மா சொன்ன அந்த நிமிஷமே எனக்குப் பட்டறை மேஸ்திரியின் முகம் வந்தது. அவர் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருந்தது. நான் சொல்லவில்லை. ஏன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பா ஆபீஸர், அவர் மேஸ்திரி. அப்பா சிரித்து ஒதுக்கிய விஷயம் எப்படி நிஜமாக இருக்கும்? சொன்னால் அம்மாவுக்குப் பொய் தெரிந்துவிடும், வீட்டில் ஏற்கெனவே எல்லாரும் அழுதுகொண்டிருக்கிறார்கள். இதெல்லாம் காரணங்கள். எதுவும் போதாது. டாக்டர்கள் பேருக்குச் சோதித்துப் பார்க்கத் தட்டு, டம்ளர், தண்ணீர் எல்லாம் கொண்டுவரச் சொன்னபோது அம்மா எல்லாவற்றையும் பையில் அடுக்கினாள். சொம்பை எடுக்கவில்லை. அது சமைக்கிற பாத்திரம்தானே, குழந்தை அதில் சாப்பிடுவதில்லையே என்று விட்டாள். நான் பக்கத்தில் நின்று பையின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது நாள்.

பத்தொன்பதாம் நாள் அவளுக்கு மறுபடி இழுத்தது. இந்தத் தடவை நிற்கவே இல்லை. அம்மா அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா, "வீட்டுக்குப் போனதும் ஏறுகிறது, வீட்டில்தான் ஏதோ இருக்கிறது, இனிமேல் எங்களால் ஒன்றும் உறுதி சொல்ல முடியாது" என்று சொன்னதாக, கூடப் போயிருந்த பக்கத்து பிளாக் மாமி ஓடிவந்து அப்பாவிடம் சொன்னாள். அப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவில்லை. தான் கிட்டே போனால் அவள் செத்துவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ, குழாயடியில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்பா, உன் கை இல்லப்பா. சொம்பு" என்றேன். "மேஸ்திரி அன்னிக்கே சொன்னாரே."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். எழுந்து சமையலறைக்குப் போனார். சொம்பில் காலையில் வைத்த ரசம் பாதி இருந்தது. அதைக் கீழே ஊற்றினார். ஒரு செய்தித்தாளை மேடையில் விரித்து, சொம்பின் அடியை அதன் மேல் அழுத்தி இழுத்தார். பென்சிலால் எழுதின மாதிரி சாம்பல் நிறத்தில் பட்டையாக ஒரு கோடு விழுந்தது. வெள்ளீயம் இப்படி எழுதாது. பின்னால் தெரிந்தது, ஆபீஸ் தட்டில் ஒயர் பற்றவைக்கிற சால்டர் துண்டுகளும் கலந்து கிடந்திருக்கின்றன. சால்டர் என்றால் பாதி காரீயம், புளிப்பில் கரைந்து இறங்கும். அப்பா அந்தக் கோட்டைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். "புளியை ஊத்திக் கொதிக்க வச்சிருக்கேனே" என்றார். அவர் கொதிக்க வைக்கவில்லை, ஆனால் அப்படித்தான் சொன்னார். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். நான் தடுக்கக்கூட இல்லை.

சொம்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டு வாசலிலேயே அப்பா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: ஆபீஸ் தட்டு, வஜீர்பூர், மேஸ்திரி எச்சரித்தது, கும்பகோணம் பொய். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் போனியா? உனக்குத் தெரியுமா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா, "அவ வரல. லைப்ரரில இருந்தா. நான் தனியாத்தான் போனேன்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

தங்கை பிழைத்தாள். மறுபடியும் ஊசி, மறுபடியும் அந்தக் கத்தல், ஜூலை மழை பிடிக்கிற வரை ஆஸ்பத்திரி. கண் விழித்துப் பேச ஆரம்பித்த அன்று டாக்டரம்மா அப்பாவைக் கூப்பிட்டு, "இனிமேல் தாராளமாகத் தொடலாம், உங்களால் ஒன்றும் வரவில்லை" என்றார். அப்பா கட்டிலருகே போய்க் கையை நீட்டினார். செங்கல் பொடியில் உரிந்த கை. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "தொடாதே! வயிறு வலிக்கும்! அம்மா, தொடவேண்டாம்னு சொல்லு!" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினாள். அப்பா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "இல்லடி கண்ணா, தொடல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் முயற்சி செய்யவே இல்லை. அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள், மூன்று வருஷம் ஒரே வகுப்பில் உட்கார்ந்தாள், பிறகு நிறுத்திவிட்டார்கள். வாய்ப்பாடு திரும்ப வரவில்லை. அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டாள், சட்டை இஸ்திரி போட்டாள், ஆனால் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அப்பா ரிடையர் ஆனார், குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம், போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைத்துவிட்டு வந்த அன்றும் அம்மா, "மேஸ்திரி சொன்னதை இந்த மனுஷன் ஒருத்தர்கிட்டயாவது வாயைத் திறந்து சொல்லியிருந்தா" என்றாள். ஒருத்தி அதைத் தன் காதாலேயே கேட்டிருந்தாள், அந்த ஒருத்தி அவள் எதிரிலேயே காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள். கடைசி வரை நான் அவளிடம் சொல்லவில்லை.

தங்கை இப்போது என்னோடு இருக்கிறாள். நாற்பதை நெருங்குகிறாள். துணி மடிப்பாள், வாசலில் தண்ணீர் தெளிப்பாள், நாள் பூராவும் டிவி பார்ப்பாள். ஆஸ்பத்திரி, ஊசி, அலறல் எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, டிவியில் யாரோ ஓர் அப்பா யாரோ ஒரு பெண்ணைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, நம்ம அப்பா ஏன் என்னைத் தொடவே மாட்டார்? நான் ஏதாவது தப்புப் பண்ணேனா?"

கத்தியைக் கீழே வைத்தேன். இப்போது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கேட்பதற்கு வேறு யாரும் மிச்சம் இல்லை.

"அப்பாவுக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்திடி" என்றேன்.

"அச்சா" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.